உப்புத் தண்ணி வீட்டுக்கு எது சரி: சாஃப்ட்னரா, சின்ன ஃபில்டரா, தனிக் குழாயா?

கோயம்புத்தூரில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அ, ஆ கற்கும் முன்பே தெரிந்துவிடும், வீட்டில் இரண்டு தண்ணீர் உண்டு என்று. ஒன்று அணையிலிருந்து குழாயில் வரும் நல்ல தண்ணி. சிறுவாணியோ பில்லூரோ ஆழியாறோ, எந்தப் பகுதியில் இருக்கிறோமோ அதைப் பொறுத்தது. இன்னொன்று போரில் (ஆழ்துளைக் கிணற்றில்) வரும் உப்புத் தண்ணி. பெயர்தான் உப்பு. நாக்கில் அவ்வளவாகக் கரிக்காது. ஆனால் அதில் சோப்பு நுரைக்காது, பக்கெட் விளிம்பில் வெள்ளைக் கோடு விழும், பருப்பு வேகாது. "உன் பருப்பு இங்கே வேகாது" என்று திட்டுவதற்கு இந்த ஊரில் நேர்ப் பொருளே உண்டு: தண்ணீரிலுள்ள கால்சியம் பருப்பின் பெக்டினோடு சேர்ந்து அதை இறுக்கிவிடுகிறது.

இந்தக் கோடையில் மூன்று பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். சரவணம்பட்டிப் பக்கம் வீடு கட்டிக்கொண்டிருக்கும் மச்சான், "சாஃப்ட்னர் போட்டுடலாமா?" என்றார், அதாவது உப்புத் தண்ணியை மென்மையாக்கும் கருவி. வாடகை ஃபிளாட்டில் இருக்கும் நண்பர், "இணையத்தில் விற்கிற அந்தச் சின்ன ஃபில்டர் வேலை செய்யுமா?" என்றார். அத்தை கேள்வியெல்லாம் கேட்கவில்லை. "ரெண்டு வருஷத்துல கீசருக்கு மூணாவது காயில்டா, என்னமோ பண்ணு" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார். மூவருக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஓர் எண் வேண்டும்

எதை வாங்குவது என்று பார்ப்பதற்கு முன், உங்கள் தண்ணீரின் கடினத்தன்மை எவ்வளவு என்று தெரிந்திருக்க வேண்டும். தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மெக்னீசியமும்தான் கடினத்தன்மை. லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் கால்சியம் கார்பனேட் என்று கணக்கிட்டுச் சொல்வார்கள். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் குடிநீர்த் தரத்தில் (ஐஎஸ் 10500) ஏற்கத்தக்க அளவு 200. வேறு தண்ணீரே இல்லையென்றால் 600 வரை போகலாம். இங்கே 600-ஐத் தாண்டும் போர்கள் அபூர்வமில்லை. மதுக்கரையில் சிமெண்ட் ஆலை வந்ததே அங்கே சுண்ணாம்புக்கல் கிடைத்ததால்தான். அந்த மண்ணைக் கரைத்துக்கொண்டு வரும் தண்ணீர் வேறு எப்படி இருக்கும்?

வீட்டுக்கு வரும் விற்பனையாளர் ஒரு சின்ன மீட்டரைத் தண்ணீரில் நனைத்து, "சார், 1,200 காட்டுது பாருங்க" என்பார். அது டிடிஎஸ் மீட்டர். தண்ணீரில் கரைந்திருக்கும் எல்லா உப்பையும் சேர்த்து உத்தேசமாகச் சொல்லும். அதில் சாதாரணச் சோடியம் உப்பும் அடக்கம், அது கீசரில் படியாது. ஆக டிடிஎஸ் 1,200 உள்ள தண்ணீரில் கடினத்தன்மை 300 ஆகவும் இருக்கலாம், 800 ஆகவும் இருக்கலாம். சிலர் இரண்டு கம்பிகளை டம்ளரில் விட்டு மின்சாரம் கொடுத்து, தண்ணீரைச் சேறுபோல் பழுப்பாக்கிக் காட்டுவார்கள். அந்தப் பழுப்பு பெரும்பாலும் அவர்கள் கொண்டுவந்த இரும்புக் கம்பியிலிருந்து வருவது. பயப்பட வேண்டாம், காபி கொடுத்து அனுப்பிவிடலாம்.

சரியான வழி, சொட்டு மருந்துப் பரிசோதனை. அளந்த தண்ணீரில் பொடியைப் போட்டால் ஒயின் சிவப்பாகும். பிறகு மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். எத்தனையாவது சொட்டில் நீலமாகிறதோ அதை வைத்துக் கணக்கு. இந்தக் கிட் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதுவும் வேண்டாமென்றால் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக்கூடத்தில் கட்டணம் கட்டிப் பார்க்கலாம். மே மாதத்தில் எடுத்துப் பாருங்கள். மழைக்குப் பிறகு எடுத்தால் எண் கொஞ்சம் நல்ல பிள்ளையாக நடிக்கும்.

இன்னொரு சோதனையும் உண்டு, பலரும் செய்யாதது. அதே தண்ணீரைப் பத்து நிமிடம் கொதிக்கவைத்து, ஆறவைத்து, வற்றிய அளவுக்குக் காய்ச்சி வடித்த தண்ணீர் சேர்த்து, வடிகட்டி மறுபடி அளக்க வேண்டும். என் வீட்டில் கொதிக்கும் முன் 640, கொதித்த பின் 290. குறைந்த 350-தான் தற்காலிகக் கடினத்தன்மை, அதாவது பைகார்பனேட்டாக இருந்தது. சூடு பட்டதும் கரியமில வாயு வெளியேறி, கால்சியம் கார்பனேட் வெள்ளையாகப் படிந்துவிடும். கீசரைக் கெடுப்பது இந்த 350. மீதி 290 சோப்பைத் தின்னும், ஆனால் காயிலில் அவ்வளவாகப் பாறை கட்டாது.

எங்கே உண்மையில் நஷ்டம்?

கெடுதல் எல்லாக் குழாயிலும் ஒரே மாதிரி நடப்பதில்லை. தண்ணீர் சூடாகும் இடத்தில்தான் குவிகிறது.

மின்சாரக் கீசரை எடுத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 100 லிட்டர் சூடாக்கினால், 350 என்ற கணக்கில் படியக்கூடிய சுண்ணாம்பு 35 கிராம். அதில் ஒரு பங்குதான் உள்ளே ஒட்டுகிறது, மீதி தண்ணீரோடு போய்விடுகிறது. அந்த ஒரு பங்கே போதும், ஓராண்டில் காயிலைக் கல் கம்பியாக்க. "உப்புப் பிடித்தால் கரண்ட் பில் எகிறும்" என்பதை நானும் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். அது பாதி உண்மைதான். தண்ணீருக்குள் முழுகிக் கிடக்கும் காயிலின் சூடு தண்ணீரைத் தவிர வேறெங்கும் போக முடியாது. மெதுவாகப் போகும், ஆனால் போய்விடும். அமெரிக்காவில் பாட்டெல் ஆய்வு நிறுவனம் 2009-ல் செய்த சோதனையிலும் மின்சார ஹீட்டரின் திறன் குறையவில்லை. குறைவது காயிலின் ஆயுள். வெள்ளைப் போர்வைக்குள் அது தன் சூட்டில் தானே வெந்து, மேலுறை வெடித்து, ஒரு நாள் எம்சிபி (கரண்டைத் தானே துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்துவிடும். கேஸ் கீசரில் கதை வேறு. அங்கே தண்ணீருக்குள் போகாத சூடு புகையோடு வெளியே போகிறது, ஆகவே சிலிண்டர் உண்மையிலேயே சீக்கிரம் தீரும்.

கீசரில் இன்னொன்றும் உண்டு, காயிலைவிட முக்கியமானது. அழுத்தம் கூடினால் திறக்க வேண்டிய பாதுகாப்பு வால்வு உப்பு பிடித்து இறுகிவிடும். காயில் போனால் குளிர்ந்த நீரில் குளிக்கலாம். வால்வு இறுகினால் டேங்க் வெடிக்கும் அபாயம்.

மாடியில் சோலார் ஹீட்டர் இருந்தால் அது நாள் முழுக்கச் சூடாகவே இருக்கிறது, படிவு நிற்பதேயில்லை. தட்டையான செம்புக்குழாய் வகையில் குழாய்கள் அடைத்துக்கொள்ளும். கண்ணாடிக்குழாய் வகை கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், துப்புரவு செய்வதும் எளிது.

வாஷிங் மெஷினைப் பொறுத்தவரை எல்லாரும் பயப்படுகிற அளவுக்கு இல்லை. மேலே திறக்கும் மெஷின்களில் பலவற்றில் ஹீட்டரே கிடையாது. அங்கே சேதம் துணிக்குத்தான்: துண்டு அட்டை போலாகும், வெள்ளைச் சட்டை சாம்பல் நிறமாகும், பவுடர் கூடுதலாகச் செலவாகும். முன்னால் திறக்கும் மெஷினில் ஹீட்டர் உண்டு. நாற்பது, அறுபது டிகிரியில் துவைப்பவர் என்றால் கீசரின் கதைதான் அங்கும்.

பாத்திரம் கழுவும் மெஷினுக்குள் பெரும்பாலும் சின்ன சாஃப்ட்னர் ஏற்கெனவே இருக்கும். அதற்கான உப்பைப் போட்டு, உங்கள் எண்ணுக்கு ஏற்ப அமைத்தால் போதும். ஸ்டீம் அயர்ன் பாக்ஸில் போர் தண்ணீரை ஊற்றவே ஊற்றாதீர்கள்.

எதை வைத்து எடை போடுவது

விலையை மட்டும் பார்த்து வாங்கியவர்கள்தான் பின்னால் புலம்புகிறார்கள். நான் பார்ப்பது இவை: கடினத்தன்மையின் எண். அதில் எவ்வளவு தண்ணீர் நிஜமாகவே சூடாகிறது என்பது. வீடு சொந்தமா, வாடகையா. மாதாமாதம் யார் கை வைப்பார்கள் (உப்பு மூட்டையைத் தூக்குவது யார் என்பது சின்னக் கேள்வியில்லை). மேல்தொட்டியிலிருந்து வரும் தண்ணீரின் அழுத்தம். கழிவுநீர் எங்கே போகிறது. கடைசியாக, வாங்கும் விலையோடு ஐந்து வருடச் செலவும்.

அழுத்தத்தைப் பற்றி ஒரு வரி. நம் வீடுகளில் தண்ணீர் மேல்தொட்டியிலிருந்து இறங்கி வருகிறது. பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு பார் அழுத்தம். மேல்மாடிக் குளியலறைக்கு மேலே மூன்று மீட்டரில் தொட்டி இருந்தால் கிடைப்பது 0.3 பார். வெளிநாட்டுக் குழாய் அழுத்தத்துக்கு வடிவமைத்த கருவியை அங்கே மாட்டினால் ஷவர் அழுதுகொண்டுதான் வரும்.

வழி 1: எதுவும் போடாமல், வருடாவருடம் கழுவுவது

இதை யாரும் விற்பதில்லை என்பதால் யாரும் சொல்வதில்லை. வருடத்துக்கு ஒருமுறை, எண் 600-ஐத் தாண்டினால் இருமுறை, கீசரைத் திறந்து காயிலைக் கழற்றி உப்பை எடுப்பது. எலுமிச்சை உப்பு என்று மளிகைக்கடையில் கிடைக்கும் சிட்ரிக் அமிலம் போதும். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீருக்கு 50 கிராம், குமிழி அடங்கும் வரை ஊறவைக்க வேண்டும். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் கால்சியம் சிட்ரேட் என்ற வேறொரு வெள்ளை படியும், அதைச் சுரண்டுவது இன்னும் கஷ்டம். டாய்லெட் ஆசிட் கூடவே கூடாது. காயிலின் உறையை அரிக்கும், பிளீச்சிங் பவுடரோடு சேர்ந்தால் குளோரின் வாயு வரும், மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.

கரண்ட் வேலை தெரியாதவர்கள் எலக்ட்ரீஷியனை அழைத்துவிடுவது நல்லது. நான் கடைசியாகக் கொடுத்தது காயில், கேஸ்கெட், மெக்னீசியக் கம்பி, கூலி எல்லாம் சேர்த்து 1,800 ரூபாய். அந்த மெக்னீசியக் கம்பியை மறக்க வேண்டாம். டேங்க் துருப்பிடிக்காமல் தன்னைக் கரைத்துக்கொள்வது அதுதான். காயிலை மாற்றிவிட்டுக் கம்பியைப் பார்க்காமல் மூடிவிட்டுப் போகும் ஆட்களே அதிகம்.

கூடவே, தெர்மோஸ்டாட்டை எழுபதில் வைத்துவிட்டுக் குளிர்ந்த நீர் கலந்து குளிக்கும் பழக்கத்தை விட்டாலே படிவு நன்றாகக் குறையும். அறுபது டிகிரிக்கு மேலே போகப் போகப் படிவு வேகமாகிறது.

மறைமுகச் செலவு: ஞாபகம். வருடம் தவறினால் இந்த வழியே இல்லை. சோப்பு, துணி, குழாய்க் கறை எதற்கும் இது தீர்வில்லை.

எண் 300-க்குள் இருந்தால், ஒரே ஒரு கீசர் மட்டும் இருந்தால், வாடகை வீடென்றால் இதற்கு மேல் செலவழிக்க எனக்கு மனம் வராது.

வழி 2: கீசர், மெஷின் முன்னால் மாட்டும் சின்ன ஃபில்டர்

கண்ணாடிக் கிண்ணம், உள்ளே கற்கண்டு மாதிரிப் படிகங்கள். அது பாலிபாஸ்பேட். கடினத்தன்மையை இது எடுக்காது, சொட்டு மருந்தில் அளந்தால் எண் அப்படியேதான் இருக்கும். சுண்ணாம்புத் துகள்கள் ஒன்றோடொன்று கைகோத்துப் பாறையாவதை மட்டும் தடுக்கிறது. ஆகவே சோப்பு நுரைப்பது கூடாது, துண்டு மென்மையாகாது. வாங்கியவர்கள் "ஒண்ணும் வித்தியாசம் தெரியலையே" என்பது இதனால்தான். அது வேலை செய்தால் வித்தியாசம் காயிலில் தெரியும், கண்ணில் தெரியாது.

இரண்டு பலவீனங்கள். ஒன்று, சூடு கூடக்கூடப் பாலிபாஸ்பேட்டே உடைந்து போகிறது. கீசரை எழுபது டிகிரியில் வைத்திருந்தால் போட்ட காசு வீண். இரண்டு, எண் ரொம்ப அதிகமாக இருந்தால் இதனால் தாக்குப்பிடிக்க முடியாது. 600-க்கு மேல் நான் இதை நம்பமாட்டேன்.

ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும். ஆனால் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை படிகம் நிரப்ப வேண்டும். தொட்டி அழுத்தம் குறைவாக உள்ள வீட்டில் மெஷின் நிரம்ப நேரமாகி, "தண்ணீர் வரவில்லை" என்று பிழை காட்டி நின்றுவிடும். நண்பர் வீட்டில் ஃபில்டர் மாட்டும் முன்பே இந்தப் பிழை வந்துகொண்டிருந்தது. அடுத்த வீட்டுக்குக் கழற்றிக்கொண்டு போகலாம் என்பது வாடகைக்காரர்களுக்குப் பெரிய சௌகரியம்.

வழி 3: நல்ல தண்ணிக்குத் தனிக் குழாய்

எனக்குப் பிடித்தது இதுதான், பட்சபாதத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் வீட்டுக்குள் ஏற்கெனவே மென்மையான தண்ணீர் வருகிறது. அதைக் குடத்தில் பிடித்து வைத்துக்கொண்டு, போர் தண்ணீரை லட்ச ரூபாய் செலவில் மென்மையாக்கப் பார்க்கிறோம்.

கணக்கு இப்படி. நான்கு பேர் குடும்பம் நாளொன்றுக்கு 500 லிட்டர் செலவழிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் கீசருக்கும் மெஷினுக்கும் போவது சுமார் 150 லிட்டர். கழிப்பறைக்கும் வாசல் தெளிக்கவும் தரை துடைக்கவும் உப்புத் தண்ணியே போதும். அந்த 150 லிட்டருக்கு மட்டும் மாடியில் ஒரு 500 லிட்டர் தொட்டி வைத்து, அதிலிருந்து கீசர்களுக்கும் மெஷினுக்கும் ஒரே ஒரு தனி லைன் இழுத்தால் வேலை முடிந்தது. உப்பு மூட்டை கிடையாது, படிகம் கிடையாது, கழிவும் கிடையாது.

நல்ல தண்ணி போதவில்லையா? மழை இருக்கிறது. மழைநீர் சேகரிப்பைத் தமிழ்நாடு 2003-லேயே கட்டாயமாக்கியது. பெரும்பாலான வீடுகளில் அது குழிக்குள் போகிறது, தொட்டிக்குள் போவதில்லை. ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் சுமார் 9,000 லிட்டர். அதன் கடினத்தன்மை கிட்டத்தட்ட பூஜ்யம். கலந்தாலும் லாபம்தான், கலப்பு வெறும் சராசரிக் கணக்கு: 600 உள்ளதும் 50 உள்ளதும் சமமாகக் கலந்தால் 325.

கட்டும்போதே செய்தால் செலவு சில நீளம் குழாயும் பிளம்பரின் ஒரு நாள் கூலியும்தான். கட்டி முடித்து டைல்ஸ் ஒட்டிய வீட்டில் செய்தால் சுவரை உடைக்க வேண்டும், இல்லையென்றால் வெளிச்சுவரில் குழாய் தெரியும். இதுதான் மறைமுகச் செலவு. இன்னொன்று, நல்ல தண்ணி வாரத்துக்கு ஒருமுறைதான் வரும் பகுதியில் தரைத்தொட்டி பெரிதாக வேண்டும். அப்புறம், இரண்டு தொட்டியும் எங்கேயாவது ஒரு வால்வு வழியே கலந்துவிடாமல் பார்க்க வேண்டும். பக்கத்து வீட்டுத் தாத்தா "ரெண்டையும் சேர்த்துடலாம், ஒண்ணும் ஆகாது" என்று யோசனை சொல்வார். கேட்காதீர்கள்.

அடுக்குமாடியில் ஒரு வீட்டுக்காரர் தனியாக இதைச் செய்ய முடியாது. அங்கே சங்கக் கூட்டத்தில் பேச வேண்டும், அது வேறு வகைக் கடினத்தன்மை.

வழி 4: உப்புப் போடும் சாஃப்ட்னர்

இந்த ஐந்து வழிகளில் கடினத்தன்மையை நிஜமாகவே எடுப்பது இது ஒன்றுதான். உள்ளே கடுகு அளவு ரெசின் உருண்டைகள். அவை கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடுகின்றன. ரெசின் நிறைந்ததும் உப்புக் கரைசலால் கழுவினால் மறுபடி புதிது. தண்ணீர் மாறுவது முதல் குளியலிலேயே தெரியும். சோப்பு போகவே போகாத மாதிரி உடம்பு வழுவழுவென்று இருக்கும். குழாயில் கறை இல்லை, துண்டு மென்மை, பவுடர் பாதி மிச்சம். என்னிடம் வந்த விலைப்பட்டியல்கள் 35,000 ரூபாயிலிருந்து 90,000 வரை இருந்தன.

இப்போது பட்டியலில் இல்லாததைப் பார்ப்போம்.

உப்பு. 600 எண்ணில் 500 லிட்டர் என்றால் நாளொன்றுக்கு 300 கிராம் கடினத்தன்மையை எடுக்க வேண்டும். நடைமுறையில் ஒரு கிராமுக்கு இரண்டு கிராமுக்குக் குறையாமல் உப்பு வேண்டும். மாதத்துக்கு இருபது கிலோ. தூத்துக்குடிக் கல் உப்பு மலிவு, ஆனால் அடியில் மண் தங்கித் தொட்டியைக் கழுவ வைக்கும். மாத்திரை உப்பு சுத்தம், விலை கூடுதல்.

கழிவு. 25 லிட்டர் ரெசின் உள்ள கருவி இந்த வீட்டில் நான்கு நாளைக்கு ஒருமுறை தன்னைக் கழுவிக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் 150 முதல் 250 லிட்டர் உப்புக்கரைசல் வெளியே போகும். பாதாளச் சாக்கடை உள்ள தெருவில் பரவாயில்லை. உறிஞ்சு குழி உள்ள தனி வீட்டில் அந்த உப்பு எங்கே போகும்? மண்ணுக்குள், பிறகு உங்கள் போருக்கோ அடுத்த வீட்டு போருக்கோ. மழைநீர்க் குழியில் விட்டு வைத்திருந்த ஒரு வீட்டையும் பார்த்திருக்கிறேன்.

செடி. சோடியம் மண்ணை இறுக்கும், கறிவேப்பிலை போன்ற செடிகளுக்கு ஆகாது. தோட்டக் குழாய் சாஃப்ட்னருக்கு முன்பே பிரிய வேண்டும்.

குடிநீர். எடுத்த கடினத்தன்மை ஒவ்வொரு மில்லிகிராமுக்கும் 0.46 மில்லிகிராம் சோடியம் சேர்கிறது. 600-ஐ முழுவதும் எடுத்தால் லிட்டருக்கு 276. இரண்டு லிட்டர் குடித்தால் 550-க்கு மேல். உலகச் சுகாதார நிறுவனம் ஒரு பெரியவருக்கு ஒரு நாளுக்குச் சொல்வதே 2,000-க்குக் கீழ். ரத்த அழுத்தக்காரர் உள்ள வீட்டில் சமையலுக்கும் குடிக்கவும் இதைத் தொட வேண்டாம்.

அழுத்தம். மேலே சொன்ன 0.3 பாரில் இது ஓடாது, பிரஷர் பம்ப் வேண்டும். இதைத் தவிர்க்கத் தரைத்தொட்டி மோட்டாருக்கும் மேல்தொட்டிக்கும் நடுவே மாட்டுவார்கள். மோட்டாரின் வேகத்தில் வேலை செய்யப் பெரிய கருவி வேண்டும், கழிப்பறைத் தண்ணீரும் மென்மையாகும், உப்புக் கணக்கு உச்சத்துக்குப் போகும்.

இரும்பு. தண்ணீர் விட்டுவைத்தால் செம்மஞ்சளாக மாறுகிறதா? அப்படியென்றால் முதலில் இரும்பு ஃபில்டர். இல்லாவிட்டால் ரெசின் சீக்கிரம் பாழாகும். கீசரின் மெக்னீசியக் கம்பியும் மென்மையான நீரில் வேகமாகக் கரையும், அதை வருடாவருடம் பார்த்தே ஆக வேண்டும்.

இத்தனையும் சொன்னதால் வேண்டாம் என்று பொருளில்லை. எண் 700, 800 என்று இருந்து, நல்ல தண்ணி இணைப்பே இல்லாத வீட்டுக்கு வேறு வழி கிடையாது. ஆனால் முழு வீட்டுக்கும் போடாமல் கீசர், மெஷின் லைனுக்கு மட்டும் சின்னதாக மாட்டுங்கள். அந்த 150 லிட்டருக்கு உப்பு மாதம் ஆறு, ஏழு கிலோதான்.

வழி 5: காந்தம், மின் அலைப் பெட்டி

இது நான் சூடுபட்ட இடம். குழாயைச் சுற்றிக் கம்பி சுற்றி, பச்சை விளக்கு எரியும் ஒரு பெட்டியை ஒன்பதாயிரம் கொடுத்து வாங்கினேன். பதினோரு மாதம் கழித்துக் காயிலைக் கழற்றியபோது அது எப்போதும்போல் மொரமொரவென்று வெள்ளையாக இருந்தது. "குழாயில் படிவு மென்மையாகியிருக்கும் சார்" என்றார் விற்றவர். இந்த வகைக் கருவிகளைப் பற்றி நடந்த சோதனைகளின் முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. கடினத்தன்மை மாறாது என்பதை விற்பவர்களே ஒப்புக்கொள்கிறார்கள், ஆக அளந்து நிரூபிக்கவும் வழியில்லை. காயில் காப்பாற்றப்படாவிட்டால் பணம் திரும்ப என்று எழுதிக் கொடுத்தால் பார்க்கலாம்.

முழு வீட்டுக்கும் ஆர்.ஓ. போடச் சொல்பவர்களும் உண்டு. வீட்டு ஆர்.ஓ. ஒரு லிட்டர் கொடுக்க மூன்று லிட்டர்வரை வெளியே விடுகிறது. குடிநீருக்குச் சரி, குளிப்பதற்கா?

ஒரே பார்வையில்

| | கழுவுதல் | சின்ன ஃபில்டர் | தனிக் குழாய் | சாஃப்ட்னர் | காந்தம் |
|---|---|---|---|---|---|
| காயிலுக்குக் காப்பு | தாமதமாக, ஆனால் உறுதி | நடுத்தரம் | மிக நன்று | மிக நன்று | நம்ப முடியாது |
| துணி, சோப்பு | இல்லை | இல்லை | உண்டு | உண்டு | இல்லை |
| முதல் செலவு | ஏதுமில்லை | குறைவு | கட்டும்போது குறைவு, பிறகு அதிகம் | மிக அதிகம் | நடுத்தரம் |
| தொடர் வேலை | வருடம் ஒருமுறை | 3–6 மாதம் | தொட்டி கழுவுதல் | மாதாமாதம் உப்பு | இல்லை |
| கழிவு | இல்லை | இல்லை | இல்லை | உப்புக்கரைசல் | இல்லை |
| வாடகை வீட்டுக்கு | சரி | சரி | சிரமம் | சிரமம் | வேண்டாம் |

மூவருக்கும் சொன்னது

மச்சானுக்கு: சுவர் பூசும் முன்னே மேலே இரண்டு தொட்டி, கீசர்களுக்கும் மெஷினுக்கும் தனி லைன். அந்த லைனில் சாஃப்ட்னர் மாட்ட ஒரு அடைத்த இணைப்பும், பக்கத்தில் ஒரு பிளக் பாயிண்டும் மட்டும் விட்டுவைக்கச் சொன்னேன். நல்ல தண்ணி இணைப்பு எப்போது கிடைக்கும் என்பது அவர் கையில் இல்லை. தாமதமானால் சின்ன சாஃப்ட்னரை அன்றைக்கு மாட்டிக்கொள்ளலாம்.

நண்பருக்கு: அவருடைய எண் 380, மெஷின் முன்னால் திறப்பது, ஹீட்டர் உள்ளது. பாலிபாஸ்பேட் வாங்கலாம், ஆனால் முதலில் மெஷினின் நுழைவுக் குழாயைக் கழற்றி அதிலுள்ள சின்ன வலையைப் பார்க்கச் சொன்னேன். மணலும் சுண்ணாம்பும் அடைத்திருந்தது. கழுவியதும் "தண்ணீர் வரவில்லை" பிழை போய்விட்டது. ஃபில்டர் மாட்டிய பிறகு அது திரும்பாமலிருக்கத் துவைப்பதைத் தொட்டி நிறைந்திருக்கும் காலை நேரத்துக்கு மாற்றிக்கொண்டார்.

அத்தைக்கு: கீசரின் தெர்மோஸ்டாட்டைத் திருப்பிப் பார்த்தேன், எழுபத்தைந்தில் நின்றது. ஐம்பத்தைந்துக்கு இறக்கினேன், பாதுகாப்பு வால்வைத் தூக்கிப் பார்த்தேன், அசையவில்லை, மாற்றச் சொன்னேன். காயிலைக் கழுவ வேண்டிய தேதியைச் சமையலறை நாட்காட்டியில் மார்கழி முதல் தேதிக்கு எழுதி வைத்தேன். "அந்த உப்பை எடுத்து ரசத்துக்குப் போடலாமாடா?" என்று கேட்டார்.